திடலைத் திருப்பி வாங்குகிற வேலை

"சார், அந்தக் காலத்துல நீங்கல்லாம் இதை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று போன மாதம் ஒரு தம்பி போனில் கேட்டார். நான் வேலை பார்த்த பேரூராட்சியில் இப்போது என் இடத்தில் துப்புரவு ஆய்வாளராக இருப்பவர். நல்ல பிள்ளைதான். ஆனால் 'அந்தக் காலம்' என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் ஓய்வு பெற்று இன்னும் நாற்காலிச் சூடுகூட ஆறவில்லை.

அவர் கேட்டது இதுதான். பொது இடத்தில் திருவிழாவோ கூட்டமோ நடத்துகிறவர்கள் உள்ளாட்சிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், முடிந்ததும் இடத்தை அவர்களே சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும். இந்த விதியை இப்போது கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "ஊர்க்காரங்க கேக்கவே மாட்டேங்கிறாங்க சார். ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் விதி ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கூட்டம் கலைந்து ஆள் போன திடல்தான் வருகிறது.

சொன்னால் சிரிப்பீர்கள். என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது விழா முடிந்த அந்த மறுநாள் காலைதான். முந்தின நாள் ஊரே நின்ற இடம். மைக்செட் அலறிய இடம். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் நின்றால் ஒரு சத்தம் இருக்காது. காகித டம்ளர்கள் காற்றுக்கு மெல்ல உருளும், நிற்கும், என்ன நினைத்துக்கொள்ளுமோ, மறுபடி உருளும். யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு கிடக்கும். பாதிக் காற்று போன பலூன் ஒன்று வேலியோரம் தூங்கும். புழுதி இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. இளவெயில் அதற்குள் புகுந்து மஞ்சளாக நிற்கும். அந்த மஞ்சளுக்குள் நின்றால் நான் எந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு என்ன வயது என்பதெல்லாம் மறந்துபோகும். கூட்டம் போனது போலவும் இருக்கும், போகாமல் அங்கேயே மூச்சடக்கி நிற்பது போலவும் இருக்கும். வீட்டில் ஒருநாள் இதைச் சொன்னேன். "குப்பையைப் பாத்து மயங்கி நிக்கிற மனுசன்னு ஒங்களைத்தான் பாக்குறேன்" என்றாள் என் மனைவி.

படிப்பைப் பற்றிக் கேட்டால், கொசுவின் வாழ்க்கையை ஒரு வருடம் படித்தேன். கழிவுநீர்த் தொட்டியின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். திருவிழா முடிந்த மைதானத்தைப் பற்றிப் பாடத்தில் ஒரு வரி கிடையாது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு வெள்ளாடு.

வேலையில் சேர்ந்த புதிது. ஒரு கட்சிக் கூட்டம் முடிந்து திடலைப் பளிச்சென்று கூட்டிக் கொடுத்திருந்தார்கள். நானும் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக அலுவலகம் வந்து உட்கார்ந்தேன். மத்தியானம் ஒரு பெரியவர் தோளில் ஆட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அதை என் மேசைமேல் கிடத்தினார். முன்னங்கால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "இந்தாங்க, ஒங்க சுத்தமான மைதானம்" என்றார். பந்தல்கால் ஊன்றிய குழிகளை ஒருவரும் மூடவில்லை. குப்பைதான் கண்ணுக்குத் தெரியும், குழி தெரியாது. ஆடு என் மேசையில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் எந்தத் திடலுக்குப் போனாலும் முதலில் குழியைத்தான் தேடுவேன்.

நடுவில் சில வருடம் கடற்கரைப் பக்கம் மாற்றல். மீமிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் தர்காவில் கந்தூரி விழா நடக்கும். கரையை ஒட்டிய புறம்போக்கில் அடுப்பு கூட்டி, சாதி மதம் பார்க்காமல் வந்தவருக்கெல்லாம் சோறு போடுவார்கள். மறுநாள் காலை நான் கொஞ்சம் விறைப்பாகத்தான் போய் இறங்கினேன். மணலில் இலையும் எலும்பும் காகிதமும் கிடந்தால் பொறுக்கி மாளாது. போனால், கரையில் மூடுபனி. பனிக்குள் இரண்டு வரிசையாக ஆட்கள் எதையோ இழுத்துக்கொண்டு வருகிறார்கள். கிட்டே போனதும்தான் தெரிந்தது, பழைய கரைவலை. கடலில் இழுக்கிற வலையை மணல்மேல் இழுக்கிறார்கள். மணல் கண்ணி வழியே உதிர்ந்துவிடுகிறது. இலையும் எலும்பும் வலையோடு வருகின்றன. பேச்சு இல்லை. வலை மணலில் உரசுகிற சத்தம், அதற்கு அப்பால் அலைச் சத்தம். ஜமாஅத் பெரியவர் என் கையில் டீயைக் கொடுத்து, "எதுக்கு சார் இவ்வளவு தூரம் அலைஞ்சுக்கிட்டு? நாங்கதான அழுக்காக்கினோம்" என்றார். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமல் போயிற்று. டீயைக் குடித்துவிட்டு அந்தப் பனிக்குள் வெகுநேரம் நின்றிருந்தேன்.

எல்லா ஊரும் அப்படி இருந்தால் எனக்குச் சம்பளம் எதற்கு. திரும்பி உள்நாட்டுப் பக்கம், நார்த்தாமலைப் பாறைகள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பேரூராட்சிக்கு மாற்றலாகி வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். அங்கே செயல் அலுவலராக வசந்தா மேடம் வந்து சேர்ந்தார்.

ஒல்லியான ஆள். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவர் குனிந்து, காதைக் கொடுத்துத் தன் திட்டைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். வாயடிக்கிற ஆட்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

திடல் கேட்டு யார் வந்தாலும் அவர் முதலில் அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவார். எங்கே மேடு, எங்கே பள்ளம், எந்த மரத்தில் எந்தக் கிளை, எல்லாவற்றையும் அவர்களோடு சேர்ந்து பார்ப்பார். "இதைத்தான் தாரேன். இதையேதான் திருப்பி வாங்குவேன்" என்பார். அவ்வளவுதான். விதியில் இருப்பதை அவர் சொல்கிற விதம் அது. பந்தல் பிரித்தாயிற்றா, குழி மூடியாயிற்றா, எச்சில் இலை தனியாக, காகிதம் தனியாக, கண்ணாடி தனியாகப் போயிற்றா, வண்டியில் ஏற்றினதைத் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்களா என்று வரிசையாகக் கேட்பார். கடைசியில்தான் அந்த நடை.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் சாயங்காலம் திடலுக்கு வருவார். ஓரத்தில் செருப்பைக் கழற்றி வைப்பார். "நீங்களும் கழட்டிக்கங்க" என்று நிகழ்ச்சி நடத்தியவரிடம் சொல்வார். "செருப்புப் போட்டுக்கிட்டுப் பார்த்தா எல்லா மைதானமும் சுத்தமாத்தாங்க இருக்கும்." பிறகு உழுகிறவர் சால் விடுவது போல ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நேராக நடப்பார், திரும்புவார், அடுத்த வரிசை நடப்பார். வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் எல்லாம் சூடு ஆறாத மண்ணில் தத்தித் தத்திக் கூடவே வருவதை நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலில் ஏதாவது குத்தினால் மேடம் நிற்பார். குனிந்து எடுப்பார். ஆணியோ, குச்சியோ, உடைந்த பாட்டில் சில்லோ, அதைப் பக்கத்தில் வருகிறவரின் கையில் வைப்பார். மறுபடி நடப்பார்.

நடந்து முடிக்கும்போது அந்த ஆளின் கை காலியாக இருந்தால், "வாங்கிக்கிட்டேன்" என்பார். இந்த ஒரு சொல்லுக்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். முன்பணம் என்று ஒன்று கட்டச் சொல்வது உண்டு. அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மேடம் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை என்றால் மறுவருடம் திடல் கிடையாது. அந்தப் பயம்தான் வேலை செய்தது.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

எங்கள் எல்லைக்குள் கண்மாயை ஒட்டி ஒரு பொட்டல் உண்டு. பங்குனியில் அங்கே ஜல்லிக்கட்டு நடக்கும். மாடுபிடிக்கிறவர்கள் விழுந்தால் அடிபடாமல் இருக்க வாடிவாசலுக்கு முன்னால் தேங்காய் நாரைக் கனமாகப் பரப்பி வைப்பார்கள். விழா முடிந்ததும் அந்த நாரை ஒரு பொட்டு விடாமல் அள்ளி எங்கள் உரக்கிடங்கில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அது விழாக் கமிட்டியின் பொறுப்பு. முந்தைய தடவை அரைகுறையாக அள்ளிவிட்டு, மிச்சம் காற்றில் போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். மேடம் வந்த புதிது, அவரும் கொஞ்சம்தானே என்று வாங்கிக்கொண்டார். அது காற்றில் போகவில்லை. ஐப்பசி மழையில் மிதந்து கண்மாய்க்குள் போய் மடையை அடைத்துக்கொண்டது. கண்மாய் நிறையத் தண்ணீர் நிற்க, கடைமடை வயல்கள் காய்ந்தன. ஆட்கள் முங்கி முங்கி, அழுகிய நாரைக் கையால் பிடுங்கி எடுத்தார்கள். மேடம் அந்தக் கரையில் நின்று அதைப் பார்த்தவர்.

கமிட்டித் தலைவர் சின்னையா. சிமெண்டுக் கடை வைத்திருந்தார். வாய் பெரிது, மனதும் பெரிது, வேலை மட்டும் எப்போதும் நாளைக்கு. "நாளைக்கு முடிச்சிருவோம் சார்" என்று அவர் சொன்னால், அது எந்த வாரத்து நாளை என்று நான் கேட்பேன். கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிப்பார். ஆனால் மாடு, வாடி என்று வந்துவிட்டால் அவருக்கு உயிர். அந்தத் திடல் கைவிட்டுப் போனால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று அவரே சொல்வார்.

ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் காலை. சின்னையாவின் ஆட்களும் எங்கள் பணியாளர்களும் நாரை அள்ளி டிராக்டரில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். நான் வழக்கம்போல அந்த மஞ்சள் புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் வேகமாக வந்து என் எதிரில் நின்றாள். கையில் அறுத்த மூக்கணாங்கயிறு.

"சார், இதை அள்ளாதீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"எஞ் செவலை இன்னும் வரலை."

பெயர் சித்ரா. பக்கத்து ஊர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை. செவலை என்பது அவள் கன்றிலிருந்து வளர்த்த காளை. வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்துத்தான் காளையை விடுவார்கள். அது கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடும். திடலின் மறுகோடியில் சொந்தக்காரர்கள் காத்திருந்து பிடித்துக்கொள்வார்கள். சில காளைகள் மிரண்டு அவர்களையும் தாண்டிப் போய்விடும். செவலை அப்படித்தான் தாண்டி, பாறைகள் இருக்கிற திக்கில் போய்விட்டது. கொழுந்தன்மார் இருவர் பைக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கயிறு இல்லாமப் போயிருக்கு சார். தெரியாத ஊருக்குள்ள நுழைஞ்சா எவனாச்சும் பிடிச்சு அடிமாட்டு வண்டியில ஏத்திருவான். கெணத்துல கிணத்துல விழுந்தாலும் கேக்க நாதியில்ல. எங்கொரலைத் தவிர எதுக்கும் நிக்காது. அது திரும்புனா இங்கதான் திரும்பும். இந்த எடத்துலதான எங்கைய விட்டுப் போச்சு. இந்த நாரு பூராம் அது வாசம், எங்காலு வாசம். இதை வழிச்சு எடுத்துட்டீங்கன்னா, வந்து மோந்து பாத்துட்டு, இது அந்த எடம் இல்லைன்னு போயிரும் சார்."

"மேடம் வரட்டும்மா, கேட்டுப் பார்க்கிறேன்" என்றேன். அவள் வாடிவாசல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்களும் அந்த இடத்தைத் தொடாமல் மற்ற பக்கத்தை அள்ளினார்கள்.

மேடம் வந்தார். சித்ரா சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு தரம்கூடக் குறுக்கிடவில்லை. "எத்தனை நாளும்மா ஆகும்?" என்றார்.

"தெரியாதுங்க. அன்னைக்கே வந்த மாடும் இருக்கு. வாரம் கழிச்சு வந்ததும் இருக்கு. வராததும் இருக்கு."

"மேடம், இந்த மூலையை மட்டும் விட்டு வைக்கலாமே" என்றேன் நான்.

மேடம் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "போன தடவையும் கொஞ்சந்தான கெடக்குதுன்னு விட்டோம். அந்த வயக்காரங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்? ஒங்களுக்காக விட்டா, நாளைக்கு இன்னொருத்தருக்கு எதைச் சொல்லி அள்ளச் சொல்லுவேன்? என்னால விட முடியாதும்மா. என்னைத் திட்டிக்கங்க."

"திட்டலைங்க" என்றாள் சித்ரா. "நீங்க நல்லா இருங்க."

வைதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் தள்ளிப்போய்க் கரையில் நின்றுகொண்டாள். வாடியைப் பிரித்தார்கள். நாரை வழித்தார்கள். மண் தெரியக் கூட்டினார்கள். கடைசிக் கூடை ஏறும்வரை அவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் நடை. சின்னையாவின் கை காலியாகவே இருந்தது. அவர் முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் மேடம் திடலுக்கு வந்த வழியில் வேறொன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"திடலை வாங்கிக்கிட்டேன். ரோட்டை வாங்கலை" என்றார்.

திடலிலிருந்து உரக்கிடங்கு வரை இலுப்பூர் சாலையில் கொஞ்ச தூரம் போக வேண்டும். டிராக்டர்கள் தார்ப்பாய் போடாமலே போயிருக்கின்றன. தார்ப்பாயை எடுத்துக் கட்டச் சோம்பல். பங்குனிக் காற்று சும்மா இருக்குமா. வழி முழுக்க, இரண்டு ஓரமும், நார்.

"நாளைக்குக் கூட்டிருவோம் மேடம்" என்றார் சின்னையா.

"நாளைக்கு நான் வருவேன். ரோட்டுல கெடந்தா, அடுத்த வருசம் திடல் கேட்டு வராதீங்க."

சின்னையாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நானும் என் பங்குக்கு அவரைக் கண்டபடி பேசினேன். எனக்கு உள்ளே இருந்த ஆற்றாமை வேறு. அதை அவர்மேல் கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கால் தானாகப் போயிற்று. கண்மாய்க்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் என்னைப் பார்த்து, "ஒரு காளை வந்துச்சுங்க, நல்லா வெளுக்கிறதுக்கு முன்னாடி" என்றார். "வாடி இருந்த எடத்துல நின்னுச்சு. மண்ணை மோந்துச்சு. ஒரு சுத்துச் சுத்திப் பாத்துட்டுப் போயிருச்சு."

திடலுக்குள் இறங்கினேன்.

திடல் துடைத்து வைத்தது போல் கிடந்தது. அப்படி ஒரு சுத்தத்தை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. அந்தச் சுத்தமான மண்ணில் ஒரே ஒரு காளையின் குளம்படி. பாறைப் பக்கமிருந்து நேராக வந்திருக்கிறது. வாடி இருந்த இடத்தில் மண் கலைந்து கிடந்தது. நின்றிருக்கிறது, சுற்றியிருக்கிறது. அப்புறம் தடம் சாலைப் பக்கம் திரும்பியது. வேறு ஒரு மாட்டின் தடம் இல்லை, ஒரு காகிதத் துண்டு இல்லை. வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு குளம்படிக்குள்ளும் கொஞ்சம் நிழல் தேங்கியிருந்தது. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கையில், அது இன்னும் என் முன்னால் நடந்துகொண்டிருப்பது போலவே இருந்தது.

சித்ரா முன்னமே வந்திருந்தாள். கலைந்த மண் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொன்னபடியே ஆகிவிட்டது. வந்து, மோந்து, இது இல்லை என்று போய்விட்டது.

எழுந்து தடத்தோடு சாலை வரை போனோம். தார் ரோட்டில் தடம் இல்லை. "இங்கிட்டுப் போனா ஊரு. அங்கிட்டுப் போனா லாரி ஓடுற ரோடு" என்றாள்.

என் போன் அடித்தது. உரக்கிடங்கில் வேலை பார்க்கும் மாரிக்கண்ணு. எங்கள் பணியாளர்களில் மூத்த பெண், எதற்கும் பதறாத ஆள். அவரே அன்று கிசுகிசுத்தார்.

"சார், இங்கிட்டு ஒரு மாடு வந்து நார்க் குவியல் மேல படுத்திருக்கு. பெரிய மாடு. குப்பை வண்டியெல்லாம் வாசல்ல நிக்குது. உள்ள விட்டா முட்டும்போலத் தெரியுது. என்ன செய்யட்டும்?"

போனைச் சித்ராவிடம் கொடுத்துவிட்டேன். "என்ன நெறங்க?" என்றாள். பிறகு, "ஒரு கொம்பு உள்ளே வளைஞ்சிருக்கா?" என்றாள். பதில் என்ன வந்ததோ, கண்ணை மூடிக்கொண்டாள். "அக்கா, யாரும் கிட்டப் போகாதீங்க. சத்தங் காட்டாதீங்க. இந்தா வாரேன்."

என் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் வண்டி ஓட்டிய அந்தச் சிறிது நேரம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு ஓரமும் நார் கிடந்தது. முந்தின நாள் என் ரத்தக் கொதிப்பை ஏற்றிய அதே நார், காலை வெயில் பட்டுப் பொன்னாக மினுங்கிக்கொண்டு, காற்றுக்கு எழுந்து எழுந்து அமர்ந்தது. ஓரிடத்தில் ஈரம் காயாத சாணி. கொஞ்ச தூரம் போனதும் இன்னொன்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது இந்த நாரைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது.

பின்னால் ஒருநாள் கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "தண்ணி தேடி வந்திருக்கும் சார். உரக்கிடங்குல தொட்டி இருக்குல்ல" என்றார். இருக்கலாம். தொட்டி வாசல் பக்கம் இருந்தது. அது படுத்திருந்தது உள்ளே, கடைசியில், நாரின் மேல்.

உரக்கிடங்கு வாசலில் ஊர்க் குப்பையெல்லாம் வரிசையில் நின்றது. பேட்டரி வண்டிகள், டிராக்டர் இரண்டு. ஒரு வண்டியிலும் வழக்கமான பாட்டு இல்லை. ரோட்டைப் பார்க்க வந்த மேடம் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். வண்டி வண்டியாகப் போய், "சாவியை எடுத்திருங்க" என்று ஓட்டுநர்களிடம் அவருக்கே உரிய மெதுவான குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். குப்பை வண்டி ஒரு நிமிடம் தாமதமானால் விளக்கம் கேட்கிற ஆள் அவர்.

சித்ரா தனியாக உள்ளே போனாள். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். செவலை தலையைத் தூக்கியது. விலாவில் பாறை உரசிய காயம். கொம்பில் நார் தொங்கியது. எழுந்து நின்று ஒரு தடவை மூச்சுவிட்டதில் நாங்கள் சுவரோடு இன்னும் ஒடுங்கினோம்.

"எங்கடா போன?" என்றாள் சித்ரா. சாதாரணமாக, பள்ளிக்கூடம் விட்டு நேரங்கழித்து வந்த பிள்ளையைக் கேட்பது போல. "ஊரே தேடுது. தவிட்டைக் கரைச்சு வச்சுக்கிட்டு எத்தனை தடவை வாசலைப் பாக்குறது நானு? வீட்டுக்கு வழி தெரியாது ஒனக்கு, குப்பைக் கெடங்குக்கு மட்டும் தெரியுமாக்கும்?"

அது தலையைக் கொண்டுபோய் அவள் வயிற்றில் வைத்தது. அவள் இடுப்பிலிருந்து புதுக் கயிற்றை எடுத்து அதன் மூக்கில் கோத்தாள். அவ்வளவு பெரிய மாடு அசையாமல் நின்று கொடுத்தது. முடிச்சுப் போட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மாரிக்கண்ணும் அழுதார். நானும் அழுதேன். வயதான காலத்தில் இதைச் சொல்ல என்ன வெட்கம்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவள் மேடம் எதிரில் நின்றாள். மேடம் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். சித்ராதான் பேசினாள்.

"கூட்டி வச்சிருந்தீங்கல்ல, அதுல இதோட காலுத் தடம் தெரிஞ்சுச்சு மேடம். உசுரோட இருக்குன்னு அதுலதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மேடம் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து, பின்னால் டாட்டா ஏஸ் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து சின்னையா இறங்கினார், கூடவே ஆட்கள், ஆளுக்கொரு விளக்குமாறு. அந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நாளில் வந்திருக்கிறார். நடந்தது ஒன்றும் தெரியாமல், மாட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். திடல் போய்விடுமோ என்கிற பயம் முகத்தில் அப்படியே இருந்தது.

"இங்கேருந்தே ஆரம்பிச்சிருவோம் மேடம். ஒரு பொட்டு இருக்காது" என்று விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

செவலை அதற்குள் சாலையில் இறங்கியிருந்தது. சித்ரா கயிற்றை இழுக்கவில்லை, தளர்த்தித்தான் பிடித்திருந்தாள். அது தலையைத் தாழ்த்தி, ஓரத்து நாரை மோந்து மோந்து, வந்த வழியே, அவள் ஊர்த் திக்கில் முன்னால் நடந்தது. அவள் அதற்குப் பின்னால் போனாள்.

மேடம் சின்னையாவின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இருங்க" என்றார். "மாடு வீடு போய்ச் சேரட்டும். அப்பறமாக் கூட்டிக்கலாம்."